கிரீடமும் நங்கூரமும் போட்ட ஸ்பெயின் வாள்: டிரஃபால்கர் காலத்ததா?

மார்ச் 2, வாசகர் ஒருவரின் கேள்வி

மாட்ரிட் போயிருந்தபோது எல் ராஸ்த்ரோ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வாள் வாங்கினேன். கைப்பிடியைச் சுற்றித் தங்க நிறத்தில் காப்பு, அதில் கிரீடமும் நங்கூரமும். அலகு வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. டிரஃபால்கர் போரில் இருந்த கடற்படை அதிகாரியின் வாள் என்று விற்றவர் சொன்னார். ஆனால் தக்காளிகூட நறுக்க முடியாது, அவ்வளவு மழுங்கல். இதை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போட்டார்கள்? நான் ஏமாந்துவிட்டேனா?

மார்ச் 2, இரவு

டிரஃபால்கர் இல்லை. "வெள்ளிப் பாத்திரம் மாதிரி" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது நிக்கல் முலாம். டிரஃபால்கர் என்பது நெல்சன் தலைமையில் இங்கிலாந்து, ஸ்பெயின்-பிரான்ஸ் கப்பல்களைத் தோற்கடித்த கடற்போர்; 1805 அக்டோபர் 21. நிக்கல் முலாம் தொழிலாகப் பரவியது 1870 வாக்கில். குரோமியமாக இருந்தால் இன்னும் மோசம், அது 1920-களில் வந்தது. சந்தையில் எந்த வாளைத் தொட்டாலும் டிரஃபால்கர் என்றுதான் சொல்வார்கள்; அத்தனை வாளும் அன்று கப்பலில் இருந்திருந்தால் பீரங்கி வைக்க இடம் இருந்திருக்காது.

கைப்பிடியின் உச்சிக் குமிழ், கிரீடம், அலகின் அடிப்பகுதி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மார்ச் 3

படம் பார்த்தேன். குமிழின் உச்சியில் திருகு மரை தெரிகிறது. அலகின் வால் பகுதி கைப்பிடிக்குள் போய் உச்சியில் வெளியே வரும்; பழைய வேலையில் பெரும்பாலும் அந்த நுனியைச் சுத்தியால் தட்டித் தட்டிப் பரப்பி மூடிவிடுவார்கள், கழற்றவே முடியாது. மரை போட்டு முடுக்குவது பெரும்பாலும் பிற்கால வேலை. பழைய வாளிலும் மரை இருந்ததுண்டு என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும், அதனால் இதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

அடுத்து முலாம். 1840-க்கு முன்னால் தங்க முலாம் என்றால் பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். பூசியவர்களின் ஆயுளைக் குறைத்த வேலை. அந்த முலாம் தடிப்பாக, கொஞ்சம் மங்கலான மஞ்சளாக, ஓரங்களில் தேய்ந்தாலும் பள்ளங்களில் அப்படியே நிற்கும். 1840-ல் இங்கிலாந்தில் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு எல்லா நாட்டிலும் அது மெல்லியதாக, மலிவாக, ஒரே சீராக வர ஆரம்பித்தது. உங்கள் காப்பில் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே நிறம். சில இடத்தில் பித்தளை எட்டிப் பார்க்கிறது.

அலகில் ஊர்ப் பெயரும் ஆண்டும் இல்லை. ஸ்பெயினில் வாளுக்குப் பேர்போன ஊரான தொலேதோவில் அரசு வாள் தொழிற்சாலையை அரசர் மூன்றாம் கார்லோஸ் 1761-ல் தொடங்கினார். தாகோ ஆற்றங்கரையில் சபாத்தினி வடிவமைத்த கட்டடம் 1780-ல் முடிந்தது. பிற்பாடு அது பீரங்கிப் படையின் கையில் இருந்தது, அதனால் 19-ஆம் நூற்றாண்டு அலகுகளில் "ஆர்த்தில்லெரியா, ஃபாப்ரிகா தே தொலேதோ" என்று போட்டு ஆண்டையும் வெட்டியிருப்பார்கள். வாங்குபவனுக்குப் பெரிய உபகாரம் அது. இன்று அங்கே பல்கலைக்கழக வளாகம். ஆனால் அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கிய வாள் எல்லாம் தொலேதோ என்று இல்லை. ஜெர்மனியின் சோலிங்கன் ஊர் உலகத்தில் பாதிப் படைகளுக்கு அலகு அடித்துக் கொடுத்தது, ஸ்பெயினுக்கும் வந்தது. ஆண்டு இல்லாததால் போலி என்று ஆகாது.

என் கணிப்பு: 20-ஆம் நூற்றாண்டு. எந்தப் பாதி என்பதைக் கிரீடத்தைப் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

கிரீடம் இருப்பதால் 1931-க்கு முன்னால்தான் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபமில்லை. 1931-ல் அரசர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ நாட்டை விட்டுப் போனார், குடியரசு வந்தது, அரச கிரீடத்துக்குப் பதில் கோட்டைச் சுவர் வடிவக் கிரீடம் வந்தது. சரி. ஆனால் 1975-ல் ஹுவான் கார்லோஸ் அரசராகி முடியாட்சி திரும்பிவிட்டதே. மேலே வளைவுகள் சேர்ந்து மூடிய கிரீடம் உங்கள் தாத்தா காலத்திலும் இருக்கும், உங்கள் காலத்திலும் இருக்கும். இடையில் இருந்த சர்வாதிகாரி ஃபிராங்கோவின் காலம் தனிக் குழப்பம், இப்போது அதற்குள் போகவில்லை.

கோட்டைச் சுவர் கிரீடம் அதற்கு முன்பும் ஒருமுறை வந்தது. 1868 செப்டம்பரில் இரண்டாம் இசபெல் அரசியைக் கவிழ்த்த புரட்சி காதிஸ் துறைமுகத்தில் கடற்படையில்தான் கிளம்பியது, முன்னால் நின்றவர் கடற்படை அதிகாரி தொபேத்தே. அரச கிரீடம் பொறித்த வாளைக் கட்டிக்கொண்டே அரசிக்கு எதிராக எழுந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். இந்த இரண்டு காலங்களைச் சேர்ந்த சுவர்க் கிரீட வாள் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், வாங்கி எனக்குச் சொல்லுங்கள், நான் பொறாமைப்பட வேண்டும்.

கிரீடத்தை அரத்தால் அராவி எடுத்த ஒரு காப்பை நான் கையில் பிடித்திருக்கிறேன். நங்கூரத்துக்கு மேலே மொட்டையாக ஒரு தழும்பு. விற்றவர் "குறை இருக்கிறது, விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்றார். என்னைக் கேட்டால் அந்தத் தழும்புக்குத்தான் விலையே.

மார்ச் 5

கூர் பற்றிக் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் இருப்பது ஸ்பெயினின் கார்தஹேனாவில், கடற்படைத் தளம் உள்ள ஊர். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற அதிகாரி. அவருடைய வாள், அவர் அப்பாவின் வாள் இரண்டும் கூடத்துச் சுவரில் இருக்கின்றன. தீட்டியதே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "எதற்கு? நானே என் காலை வெட்டிக்கொள்ளவா?" என்றார். மாடிப்படி இறங்கும்போது இடது கையால் உறையைப் பிடித்துத் தூக்காவிட்டால் ஒவ்வொரு படியிலும் டங் டங் என்று இடிக்குமாம், அதைப் பழகவே ஒரு வருடம் ஆனதாம். மற்றபடி அணிவகுப்பு, பெரிய விழா, சகாக்களின் கல்யாணம். கல்யாணத்தில் தேவாலய வாசலில் அதிகாரிகள் இரண்டு வரிசையாக நின்று வாளை உயர்த்தி வளைவு கட்ட, மணமக்கள் அதன் அடியில் வருவார்கள். இந்த ஊரில் சனிக்கிழமை மாலை தேவாலயப் பக்கம் போனால் எப்போதாவது பார்க்கலாம். வரிசையின் கடைசியில் நிற்பவர் மணமகளின் பின்பக்கம் வாளின் தட்டைப் பகுதியால் லேசாகத் தட்டுவதும் உண்டு. மணமகளின் பாட்டி முறைத்ததை நானே பார்த்தேன்.

பாய்மரக் காலத்தில் எதிரிக் கப்பலில் ஏறிச் சண்டை போட்டது இந்த ஜாதி வாளை வைத்து அல்ல. அதற்குக் குட்டையான, தடித்த, அழகே இல்லாத வாள்கள் தனியாக உண்டு. கூடவே கோடரி, ஈட்டி, கைத்துப்பாக்கி. அவையெல்லாம் கப்பல் சொத்து, கொத்தாகப் பூட்டி வைத்திருப்பார்கள், சண்டை வரும்போது மாலுமிகளுக்குக் கொடுப்பார்கள். அதிகாரியின் இடுப்பில் இருந்தது அவர் சொந்தக் காசில் வாங்கிய மெல்லிய வாள். அதற்காக அவர்களுக்கு வாள்வீச்சு தெரியாது என்று எண்ண வேண்டாம். காதிஸில் 1717-ல் பாத்தின்யோ தொடங்கிய இளம் அதிகாரிகள் பள்ளியில் கணிதம், கப்பலோட்டும் கலையோடு வாள்வீச்சும் நடனமும் பாடம். ஹோர்ஹே ஹுவான் மாதிரி பூமியின் வடிவத்தை அளக்கப் போனவர்கள் அங்கே படித்தவர்கள்தான்.

மார்ச் 6

மழுங்கிய வாளால் என்ன பயன் என்று மறுபடி கேட்கிறீர்கள். சரி, என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கடற்படை அதிகாரியின் அலங்கார வாள் உண்மையில் வேலை செய்வது ஒரே தருணத்தில், அதைக் கழற்றி எதிரியிடம் கொடுக்கும்போது. வாள் போனால் ஆள் கைதி. அது ஒரு ரசீது.

1797 பிப்ரவரி 14, போர்ச்சுகலுக்கு அருகே செயின்ட் வின்சென்ட் முனை. ஸ்பெயினிடம் 27 பெரிய போர்க்கப்பல்கள், இங்கிலாந்திடம் 15. ஸ்பெயின் தோற்றது, நான்கு கப்பல் போயிற்று. அன்றைக்கு நெல்சன் சான் நிக்கோலாஸ் கப்பலில் ஏறி, அதைப் பிடித்து, அதன் மேலிருந்தே பக்கத்தில் சிக்கிக்கொண்டிருந்த இன்னும் பெரிய சான் ஹோசேயிலும் ஏறினார். சான் ஹோசேயின் கேப்டன் வாளை நீட்டி, அட்மிரல் கீழே காயத்தோடு சாகக் கிடக்கிறார் என்றார். பிறகு ஒவ்வொரு அதிகாரியாக வந்து வாளைக் கொடுக்க, நெல்சன் வாங்கி வாங்கித் தன் படகோட்டி வில்லியம் ஃபெர்னியிடம் தர, அவர் எந்தப் பதற்றமும் இல்லாமல் அவற்றை விறகுக் கட்டு போல அக்குளில் இடுக்கிக்கொண்டே போனார். நெல்சன் தானே எழுதி வைத்த காட்சி இது. தன் பெருமையை எழுதுவதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

கீழே கிடந்த அட்மிரலின் பெயர் வின்துய்சென். இறந்துவிட்டார். அவர் வாளை நெல்சன் தன் சொந்த மாவட்டத்துத் தலைநகரான நார்விச்சுக்குப் பரிசாக அனுப்பினார். ஆக, டிரஃபால்கர் காலத்து ஸ்பானியக் கடற்படை வாள் நிஜமாகவே பார்க்க வேண்டுமென்றால் எல் ராஸ்த்ரோவைவிட நார்விச் நல்ல இடம்.

மார்ச் 6, மேலே எழுதியதன் தொடர்ச்சி

ரசீது என்று சொன்னதற்கு ஒருவர் சிரித்திருக்கிறார். சிரியுங்கள். ஆனால் டிரஃபால்கரிலேயே இதை வைத்து ஒரு தகராறு நடந்தது.

ஸ்பெயினின் சாந்தா ஆனா கப்பலில் இருந்தவர் துணை அட்மிரல் அலாவா. ஆங்கிலேய அட்மிரல் காலிங்வுட்டின் ராயல் சாவரின் கப்பலோடு மோதிக் கப்பல் நாசமாகி, அலாவா பலத்த காயத்தோடு கிடந்தார். அவருடைய கேப்டன் போய் வாளைக் கொடுத்துச் சரணடைந்தார். பிழைக்க மாட்டார் என்று நினைத்து ஆங்கிலேயர்கள் அவரைத் தங்கள் கப்பலுக்கு மாற்றவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 23-ல், காதிஸிலிருந்து மிச்சக் கப்பல்கள் புயலுக்கு நடுவே வெளியே வந்து சாந்தா ஆனாவை மீட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டன. அலாவாவும் பிழைத்துவிட்டார்.

காலிங்வுட் சும்மா இருக்கவில்லை. அக்டோபர் 30-ல் கடிதம் போட்டார். நீங்கள் தேறி வருவது மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் என்னிடம் சரணடைந்தவர். உங்கள் பணியின் சின்னமான வாளை உங்கள் கேப்டன் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். முறைப்படி கைதிப் பரிமாற்றம் நடக்கும் வரை நீங்கள் உங்களைப் போர்க்கைதியாகவே கருத வேண்டும். சாரம் இதுதான். கப்பல் கைவிட்டுப் போயிற்று, ஆள் கைவிட்டுப் போனார், வாள் மட்டும் கையில் இருக்கிறது, அதை வைத்தே ஆளைக் கேட்கிறார்! அலாவா கைதியாகத் திரும்பிப் போகவில்லை.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு அட்மிரலும் கீழே நினைவு தப்பும் நிலையில் கிடக்க, மேலே வேறொருவர்தான் வாளை நீட்டியிருக்கிறார்.

மார்ச் 8

தொலேதோ வாள் எல்லாம் நம்மூர் எஃகில் செய்ததுதான் என்று எழுதியிருக்கும் நண்பருக்கு. எப்படியும் வரும் என்று எதிர்பார்த்தேன். தென்னிந்திய உருக்கு மேற்காசியாவுக்குப் போனது, அங்கே புகழ்பெற்ற வாள்கள் ஆனது, அதெல்லாம் உண்மை, பெருமைப்படலாம். தொலேதோ வேலை வேறு வழி. நடுவில் மெல்லிய இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை, மூன்றையும் உலையில் சேர்த்து அடிப்பார்கள். நடுவில் இருக்கும் இரும்பு வளைந்து கொடுக்கும், வெளி எஃகு கூர் பிடிக்கும். எஃகுக்கு அவர்கள் பாஸ்கு நாட்டு மோந்திராகோன் பக்கம் பார்த்தார்கள். நம்மூரோடு ஏதாவது சம்பந்தம் வேண்டும் என்றால் கைப்பிடியைப் பாருங்கள்: பழைய வாள்களில் பிடி வழுக்காமல் இருக்கத் திருக்கை மீன் தோலைச் சுற்றி, மேலே கம்பி ஓட்டுவார்கள். திருக்கை வாலால் அடி வாங்கிய பரம்பரைக்கு அதன் சொரசொரப்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திருக்கை நம் கடலில் பிடித்தது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து பகிர்ந்துவிடாதீர்கள்.

மார்ச் 9

நெல்சன் டிரஃபால்கரில் வாளே கட்டவில்லையே என்று கேட்டவருக்கு: ஆமாம், கட்டவில்லை. மேசை மேல் எடுத்து வைத்தது, அப்படியே விட்டுவிட்டு மேலே போய்விட்டார். அவர் ஜெயித்தார், செத்தும் போனார்; கொடுக்கும் அவசியம் வரவில்லை.

மார்ச் 11

ரசீது விஷயத்தை இரண்டு நாளாக மனதில் புரட்டிக்கொண்டிருக்கிறேன், ஸ்பெயினும் அமெரிக்காவும் போரிட்ட 1898 வந்து இடிக்கிறது.

ஜூலை 3, கியூபாவில் சந்தியாகோ துறைமுகம். அட்மிரல் செர்வேரா தன் கப்பல்களைப் பட்டப்பகலில் வெளியே கொண்டுவந்தார், மேலிடத்து உத்தரவு. வெளியே அமெரிக்கப் படை காத்திருந்தது. சில மணி நேரத்தில் எரிந்தோ மூழ்கியோ கரை தட்டியோ எல்லாம் ஒழிந்தன. இது எஃகுக் கப்பல், நீராவி, தூரத்துப் பீரங்கிக் காலம். எதிரியின் முகத்தைப் பார்க்காமலே தோற்கலாம். வாளுக்கு அங்கே என்ன வேலை?

இருந்தது. விஸ்காயா கப்பலின் கேப்டன் எவுலாத்தே காயங்களோடு படகில் அயோவா கப்பலுக்குக் கொண்டுவரப்பட்டார். நாற்காலியில் வைத்து மேலே தூக்கினார்கள். தளத்தில் கஷ்டப்பட்டு எழுந்து நின்று, வணங்கி, வாளைக் கழற்றி, கைப்பிடியை முத்தமிட்டு, அயோவாவின் கேப்டன் ராப்லி எவான்ஸிடம் நீட்டினார். எவான்ஸ் வாங்க மறுத்துவிட்டார். மாலுமிகள் ஆரவாரம் செய்தார்கள். எவுலாத்தே தன் கப்பலைத் திரும்பிப் பார்த்து "அதியோஸ், விஸ்காயா" (விடைபெறுகிறேன், விஸ்காயா) என்று சொல்ல, அதே நேரத்தில் அதன் வெடிமருந்து அறை வெடித்தது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம், ஆனால் எவான்ஸ் எழுதியது அப்படித்தான்.

வாங்கவில்லை என்றாலும் எவுலாத்தே கைதிதான். 1805-ல் காலிங்வுட் வாளைக் காட்டி ஆளைக் கேட்டார்; 1898-ல் ஆளை வைத்துக்கொண்டு வாளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சட்டப்படி அதற்கு இருந்த கனம் இதற்குள் கரைந்துவிட்டது. நீட்டுவதும் மறுப்பதும் மட்டும் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

செர்வேரா கதை இன்னும் சங்கடம். எரியும் கப்பலிலிருந்து கடலில் குதித்து, மகன் துணையோடு கரையேறிப் பிடிபட்டபோது உடம்பில் ஈர உள்ளாடை மட்டும். சீருடை இல்லை, வாளும் இல்லை, நீட்ட ஒன்றுமே இல்லை. இரவல் உடுப்பில் அயோவாவுக்கு வந்தவரை அட்மிரலுக்குரிய மரியாதையோடு வரவேற்றார்கள். பிறகு அமெரிக்கக் கடற்படைப் பள்ளி இருக்கும் அன்னாபொலிஸில் வைத்திருந்தபோதும் ஊரே அவரை மரியாதையாக நடத்தியது. ஆக, வாளைக் கொடுக்கும் தருணத்தில்தான் அது வேலை செய்கிறது என்று 6-ஆம் தேதி எழுதியதை 1805-க்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். 1898-க்கு அது பொருந்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "செர்வேராவுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு கால்சட்டை" என்றார்.

மார்ச் 14

அலகில் ஏதோ வாசகம் இருக்கிறதா என்று மறுபடி தேய்த்துப் பார்த்தீர்களாம். தேய்க்காதீர்கள்! "காரணமின்றி என்னை உருவாதே, மானமின்றி என்னை உறையிலிடாதே" என்ற ஸ்பானிய வரியைத் தேடியிருப்பீர்கள். அது பழைய ஸ்பானிய, மெக்சிகோ அலகுகளில் நிறைய உண்டு, அதனாலேயே சுற்றுலாக் கடை வாள்களிலும் நிறைய உண்டு. உங்கள் அலகில் இல்லாதது ஒருவிதத்தில் நல்லது.

பித்தளை பளபளக்கும் திரவம் எதையும் காப்பில் போடாதீர்கள், இருக்கிற கொஞ்சம் முலாமும் துணியோடு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி, போதும். அலகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாக. முக்கியமாக, தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் அமிலம் இருக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும், முலாம் உரிந்த இடத்தில் முதலில் புள்ளி விழும். உறையும் வாளும் தனித்தனியாக இருக்கட்டும்.

மார்ச் 19

எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இப்போதாவது சொன்னீர்களே. நானாக இருந்தால் அதில் பாதி கொடுத்திருப்பேன். ஆனால் காப்பு வார்ப்பு சுத்தமாக இருக்கிறது, நங்கூரத்தின் கயிறுகூடத் தனியாகத் தெரிகிறது. சுற்றுலாக் கடைச் சரக்கில் இவ்வளவு நுணுக்கம் வராது. நிஜ அதிகாரி யாரோ விழாக்களுக்குக் கட்டியதுதான், என்ன, அவர் சுட்டதும் சுடப்பட்டதும் டிரஃபால்கரில் இல்லை. ஒருவேளை ஜூலை 16, கார்மென் மாதா திருநாளில், ஸ்பெயினின் மரின் ஊரில் உள்ள கடற்படைப் பள்ளியில் பதவி ஆணை வாங்கிய இளைஞன் ஒருவனின் முதல் வாளாக இருக்கலாம். 1943-லிருந்து பள்ளி அங்கேதான். உறையின் வாய்ப்பகுதியில் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், சில சமயம் பெயரின் முதலெழுத்துகளைக் கீறி வைத்திருப்பார்கள்.

ஊருக்கு எடுத்துப்போவதாக இருந்தால் கைப்பையில் வைத்து விமானநிலையத்தில் வம்பை விலைக்கு வாங்காதீர்கள். இந்தியாவில் வாளுக்கும் 1959 ஆயுதச் சட்டம் உண்டு, சுங்கத்தில் முதலில் எழுதிக் கேளுங்கள். டிரஃபால்கர் கதையை அவர்களிடம் சொல்ல வேண்டாம், தொல்பொருள் என்று இன்னொரு படிவம் நீட்டுவார்கள்.